வருகை எழுபத்திரண்டு

ஜனவரி 3, புதன்

இந்த டைரியைப் பேப்பர் ஏஜென்ட் கொடுத்தார். எழுதியே தீருவது என்ற வைராக்கியமெல்லாம் இல்லை. புத்தம்புதிதாகச் சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

காலையில் நூலகத்தைப் பெருக்கினேன். துப்புரவாளர் முத்தம்மா ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆள் போடுவார்கள் என்று மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். துடைப்பம் மட்டும் வருடம் தவறாமல் வருகிறது.

பதினோரு மணிக்கு நகராட்சியிலிருந்து தபால். நூலகக் கட்டடம் நகராட்சிக்குச் சொந்தமானது, அதை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்களாம். இந்தக் கிளையை நாலு கிலோமீட்டர் தள்ளி பஜாரில் இருக்கும் பெரிய நூலகத்தோடு இணைத்துக்கொள்ளலாமாம். டிசம்பரிலேயே தீர்மானம் போட்டாயிற்று. தேர்தல் முடிந்து வரும் புது மன்றம் ஒப்புக்கொண்டால் வேலை ஆரம்பம்.

மாவட்ட நூலக அலுவலருக்குப் போன் செய்தேன்.

"செண்பகவல்லி மேடம், ஒரு நாளைக்கு உங்க கிளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

"சராசரி எழுபத்திரண்டு சார்."

"அப்பப் பயமில்ல. ஐம்பதுக்குக் கீழ இருந்தா நான் வாய் திறக்க முடியாது. எழுபத்திரண்டுன்னா சண்டை போடலாம். பதிவேட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க."

பத்திரமாகத்தான் இருக்கிறது. நூலகத்தில் மொத்தம் பதினான்கு நாற்காலிகள். இரண்டுக்குக் கால் சரியில்லை.

பூட்டுவதற்கு முன் அரை மணி நேரம் பதிவேட்டு வேலை. கடைசிக் கையெழுத்து வழக்கம்போல ஆ. நயினார், 5.10.

ஜனவரி 4, வியாழன்

ஜைத்தூன் ஆறு புத்தகம் திருப்பிக் கொடுத்தாள். மேட்டுப்பள்ளித் தெருவில் பீடி சுற்றுகிறவள். சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் இங்கே வருவாள். அவளுக்கு, அவள் மாமியாருக்கு, நாத்தனாருக்கு என்று ஆறு நூலக டிக்கெட், டிக்கெட்டுக்கு ஒரு புத்தகம். வாசல்படியிலேயே நின்று பையை நீட்டுவாள். உள்ளே ஆம்பளைகள் பேப்பர் படிக்கிறார்கள் என்று நுழைய மாட்டாள்.

புத்தகத்தைத் திறந்தால் தும்மல் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் புகையிலைத் தூள்.

"புஸ்தகத்த வச்சுக்கிட்டு பீடி சுத்தாதன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்றேன்.

"நான் சுத்தலக்கா. நான் சுத்துததே இல்ல, படிக்கும்போது" என்றாள்.

பிறகு தூள் எப்படி வருமாம்? கேட்க அலுப்பாக இருந்தது. தட்டி அடுக்கினேன்.

ஜனவரி 6, சனி

தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். பஸ் கண்டக்டராக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. காலையில் கதவைத் திறக்கும்போது நிற்பார், பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் அப்புறம் மறுநாள்தான். நகராட்சித் தபாலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"எலெக்சன் வருதுல்லா. இப்பக் கேட்டாத்தான் கேட்ட மாதிரி. ரெண்டு வேட்பாளரையும் கூப்பிட்டு, லைப்ரரிய இடிக்க விட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிருவோம். எத்தன பேரும்மா வாரா ஒரு நாளைக்கு?"

"ஆபீசுக்கு எழுபத்திரண்டுன்னு கொடுத்திருக்கேன்."

"அம்புட்டுப் பேரா? காலைல பத்துப் பன்னெண்டு பேரத்தான் பாக்கேன்."

"சாயங்காலம் வருவாங்க அண்ணாச்சி."

"அப்பச் சரி" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு உடனே வேறு ஏதாவது வேலை செய்ய வேண்டும் போல இருந்தது. பழைய வார இதழ்களைக் கட்டினேன்.

ஜனவரி 10, புதன்

வருகை 72. நீலப் பேனா தீர்ந்தது. பச்சை மையும் வாங்க வேண்டும்.

ஜனவரி 13, சனி

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். பிப்ரவரி 17 வாக்குப்பதிவு. எங்கள் நூலகமும் ஒரு வாக்குச்சாவடி.

தேர்தல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பசையும் பேப்பருமாக வந்து வாசல் கல்வெட்டை மூடினார்கள். திறந்து வைத்தவர் பெயர் தெரியக் கூடாதாம். ஒருவர் உள்ளே வந்து வாழ்க்கை வரலாற்று அலமாரி முன் நின்றுவிட்டார். முதல் வரிசை முழுக்க அட்டையில் தலைவர்கள் சிரிக்கிறார்கள். "இதையும் மூடணுமா மேடம்?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன தேர்தல் கமிஷனா? மேலதிகாரிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். கடைசியில் அலமாரியையே சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மூன்று பேராகத் தள்ளினோம். எனக்கு முழங்கால் போயிற்று.

அரசு ஊழியர் யாருக்காகவும் எதற்காகவும் பேசக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்த நூலகத்துக்காகக்கூட நான் பேச முடியாது. இருபத்தாறு வருடமாக நானே திறந்து நானே பூட்டுகிற கட்டடம் இது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒரு உழக்கு அரிசி போட்டேன். மீந்துவிட்டது.

ஜனவரி 20, சனி

தங்கப்பழம் அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு கை மைக் வாங்கி வந்துவிட்டார். சைக்கிளில் கட்டிக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றுகிறார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிறது.

"ஒம்பதாம் வார்டு பொதுமக்களே! ஒங்க வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க. அதுல நூலக வரின்னு ஒரு வரி போட்டிருக்கும். குடுக்கோம்லா? குடுத்துட்டு நம்ம லைப்ரரிய நாமளே எதுக்கு விடணும்? தினசரி எழுபத்திரண்டு பேரு படிக்க எடம் இது. எழுபத்திரண்டு பேரு! ஒரு பஸ்ஸே நெறஞ்சு நிக்கக் கூட்டம்!"

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிப்ரவரி 4 கூட்டம் என்கிறார். இரண்டு வேட்பாளருக்கும் அழைப்பு போயிருக்கிறது. இப்போதைய கவுன்சிலர் இசக்கிதுரையும், எதிர்த்து நிற்கும் செல்லையாவும். கட்டடத்தை இடிக்கத் தீர்மானம் கொண்டுவந்ததே இசக்கிதுரைதான்.

ஜனவரி 24, புதன்

இசக்கிதுரையின் மைத்துனர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"எழுபத்திரண்டு பேரு வாராவன்னு மைக்ல சொல்லுதாவ. அத்தான் அத்தன பேரையும் நேர்ல பாத்து ஓட்டுக் கேக்கணும்ங்காவ. பதிவேட்ட ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா மேடம்?"

வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது மேஜைமேல் விரித்துக் கிடக்கிற பதிவேடு. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் ஆறேழு பக்கம் எடுத்துவிட்டார்.

வருகை 72.

ஜனவரி 25, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. வருகை 72 என்றே எழுதினேன். திடீரென்று குறைத்தால் சந்தேகம் வரும்.

ஜனவரி 29, திங்கள்

இசக்கிதுரை வந்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார். கூட யாரும் இல்லை.

"மேடம், நான் சண்டைக்கு வரல. ஒரு வெவரம் கேக்கணும்." போனில் பதிவேட்டுப் பக்கம். "எல்லா வீட்டுக்கும் போயாச்சு. இருபத்திரண்டு பேரு இந்த ஊர்லயே இல்ல. முப்பத்தோரு வீட்டுல மால போட்ட படந்தான் இருக்கு. அதுல ஒண்ணு ஒங்க வீடு."

நான் துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இது யாரு கையெழுத்து?" என்று ஒரு வரியைப் பெரிதாக்கிக் காட்டினார். ச. வேலாயுதம். "எங்கப்பா. தவறி நாலு வருசமாச்சு. போன செவ்வாக்கெழம சாயங்காலம் 4.20க்கு வந்து பேப்பர் படிச்சிருக்காவ."

நான் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"எம் மச்சினன் ஒரு மடையன். வீட்டுல வச்சு பேர ஒவ்வொண்ணா சத்தமா வாசிச்சிருக்கான். எங்கம்மா அவரைக்கா உரிச்சிட்டு இருந்தா. கைய நிறுத்திட்டு, ‘ஏல, அவுக இன்னும் லைப்ரரிக்குப் போறாவளா’ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல மேடம்? நீங்களே சொல்லுங்க."

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அதட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அரசியல்வாதி ஆனார்.

"நாலாந்தேதிக் கூட்டம் நடக்கப்படாது. நடந்தா இது கலெக்டர் ஆபீசுக்குப் போகும். ரிட்டையர்டு ஆவ இன்னும் எத்தன வருசம் ஒங்களுக்கு?"

"ரெண்டு."

"யோசிச்சுக்கிடுங்க."

இனி இந்த டைரியிலாவது ஒளிக்க வேண்டாம். நூலகத்துக்கு உண்மையில் வருகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேர். மிச்சம் ஐம்பத்து மூன்று பேரும் நான்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் வருகை குறைந்த கிளைகளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, புதுப் புத்தகம் வந்து வருடக்கணக்காயிற்று என்று எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? விளக்கம் எழுதுவதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. முதல் நாள் இரண்டு. அப்புறம் ஐந்து. உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைப் போட்டால் நான் வரவே இல்லையே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் ஊரைவிட்டுப் போனவர்கள், உலகத்தைவிட்டுப் போனவர்கள். அவர்கள் கையெழுத்தெல்லாம் இருபது வருடம் பார்த்துப் பார்த்து என் கைக்குப் பழகியது. வேலாயுதம் அண்ணாச்சி ‘யு’வைக் கீழே இழுத்துச் சுழிப்பார். தலைமையாசிரியர் பரமசிவன் சார் பச்சை மையில்தான் போடுவார். எனக்கு இது திருட்டு மாதிரித் தோன்றவே இல்லை. அவர்களை உட்கார வைத்துவிட்டுப் பூட்டுகிற மாதிரிதான் இருந்தது.

ஆ. நயினார் என்று கையெழுத்துப் போடும் என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் கூட்டுறவுப் பண்டகசாலை வேலை முடிந்து 5.10க்கு வருவார். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ஏழு மணிக்கு நான் பூட்டியதும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று அவர் பெயரை எழுதினேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

தங்கப்பழம் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் கட்டு. ‘தினசரி 72 வாசகர்கள்’ என்று மேலே கொட்டை எழுத்தில்.

கட்டின் சணலை இழுத்து இறுக்கினார். பிறகு, "டிக்கெட் குடுக்காம ஆள ஏத்துனா கண்டக்டருக்கு சஸ்பெண்டு. என் சர்வீஸ்ல அந்த மாதிரி எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். ஆளே ஏறாம டிக்கெட் கிழிச்சவ நீ ஒருத்திதாம்மா" என்றார்.

நோட்டீஸ் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கூட்டம் இல்லை.

ஜனவரி 31, புதன்

வருகை 18. உண்மையான கணக்கு. தங்கப்பழம் அண்ணாச்சி வரவில்லை.

5.10க்குக் கை பேனாவைத் தேடியது. பேனாவை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பிப்ரவரி 1, வியாழன்

வருகை 18. பல்லி ஒன்று வட்டார வரலாற்று அலமாரியில் முட்டையிட்டிருக்கிறது. அங்கே யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

ஜைத்தூன் வந்தாள். வழக்கம்போல வாசல்படி. பையை நீட்டாமல் நின்றாள்.

"நாளைக்குக் கூட்டம் இல்லியாம்லா? எங்க தெருவுல பொம்பளைய எல்லாரும் வரதுக்கு இருந்தோம்."

"நீங்க எதுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டேன். அலுப்பில் வந்த வார்த்தை.

அவள் முகம் சுருங்கிப் போனது. "ஏன்க்கா, நாங்க படிக்கலியா?"

"நீ படிக்கே. ஆறு புஸ்தகம் எடுக்கே. யாரு இல்லங்கா?"

"நான் மட்டுமா?" என்றாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் நூலகராக இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம்.

அவர்கள் தெருவில் நாலு வீட்டில் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். ஒருத்தி மட்டும் சுற்ற மாட்டாள். அவள் புத்தகத்தை வைத்துச் சத்தமாக வாசிப்பாள். அவள் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் மடியில் வைத்திருக்கும் சுளவு முறத்தில் போட்டுவிடுவார்கள். குரல் கம்மினால் அடுத்தவள் கைக்குப் புத்தகம் போகும். புகையிலை அளைந்த கை, துடைக்க நேரம் ஏது? ஒரு வீட்டில் முடிந்த புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போகும். நாலு வீடும் சுற்றி முடிந்தால்தான் இங்கே திரும்பி வரும்.

"மொத்தம் எத்தன பேரு?"

"நாப்பத்து மூணு. எங்க மாமிக்குப் படிக்கத் தெரியாது, ஆனா கத எங்க விட்டுச்சுன்னு அவதான் சரியாச் சொல்லுவா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்து மூன்று பேர். உயிரோடு இருக்கிற நாற்பத்து மூன்று பேர் என் புத்தகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் இங்கே பச்சை மையில் இறந்துபோனவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். தூளைத் தட்டித் தட்டி அடுக்கினேனே தவிர அது எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்கவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

சொன்னேன். பதிவேடு, கையெழுத்து, இசக்கிதுரை எல்லாம். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துதான் வேணும்னா எங்ககிட்டக் கேட்டிருக்கப்படாதா?" என்றாள்.

பிப்ரவரி 5, திங்கள்

மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து வருடமாக மாலை வருகை நான் எழுதிய பொய் என்று முதல் வரியிலேயே. இரண்டாவது பத்தியில் மேட்டுப்பள்ளித் தெரு பற்றி. தபாலில் போட்டுவிட்டு வந்ததும் நல்ல பசி. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இசக்கிதுரை வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரிடம், "நானே எழுதிக் கொடுத்தாச்சு. இனி நீங்க கலெக்டருக்கு அனுப்பினாலும் ஒண்ணுதான். வாசகர்கள் கூட்டம் போடுறத நான் தடுக்க மாட்டேன்" என்று சொன்னேன். அவர் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

தேர்தல் பயிற்சி வகுப்பு. வேறு வார்டு வாக்குச்சாவடியில் விரலில் மை வைக்கிற வேலை எனக்கு. இரண்டு மணி நேரம் மை வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 10, சனி

கூட்டம் நடந்தது. மேட்டுப்பள்ளித் தெருவில், ஜைத்தூன் வீட்டு முன்னால். நான் போகக் கூடாது, போகவில்லை. நூலக ஜன்னலில் நின்று கேட்டேன். பழைய கை மைக்கின் கரகரப்பு கேட்டபோதுதான் தங்கப்பழம் அண்ணாச்சியும் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் பழைய கணக்கை விடவில்லை. "எழுபத்திரண்டுன்னு சொன்னேன். அது தப்புக் கணக்கு. மன்னிச்சுக்கிடுங்க. சரியான கணக்கு இன்னா ஒங்க முன்னால உக்காந்திருக்கு" என்றார்.

பிறகு நடந்ததை ஜைத்தூன் வந்து சொன்னாள். செல்லையா எழுதிக் கொடுத்துவிட்டாராம். எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுக்கிறவர் அவர். இசக்கிதுரை தாமதமாக வந்து கடைசியில் நின்றிருக்கிறார். ஜைத்தூனின் மாமியார் அவரைப் பார்த்து, "பஜாருக்கு நாலு கிலோமீட்டரு பஸ்ஸுல போயி புஸ்தகம் எடுத்தா அந்த நேரத்துக்கு நூறு பீடி போச்சு. யாரு சுத்தித் தருவா, நீ சுத்தித் தருவியா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அவர் சிரிக்கவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாராம்.

பிப்ரவரி 17, சனி

காலை ஏழிலிருந்து மை வைத்தேன். ஆயிரத்துச் சொச்சம் விரல். எல்லா விரலும் ஒரே மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டையாக விழுந்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இசக்கிதுரை நூற்றுப் பதினேழு ஓட்டில் ஜெயித்துவிட்டார். வெடிச் சத்தத்தில் நூலகத்தின் ஓடு ஒன்று சரிந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் பதில் எழுத வேண்டும். விசாரணை முடிகிறவரை ஓய்வூதியம் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது என்று ஊழியர் சங்கத்துக்காரர் சொன்னார். ரொம்ப வருத்தமாகச் சொன்னார். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு தாள் கூடவே இருந்தது. மாவட்ட நூலக அலுவலர் 28ஆம் தேதி நேரில் வந்து நாள் முழுக்க வருகையைக் கணக்கெடுப்பார். ஐம்பது தேறினால் கட்டடத்தை விடக் கூடாது என்று புது மன்றத்துக்கு எழுதுவார். தேறாவிட்டால் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 28, புதன்

அலுவலர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பதிவேட்டைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், காசு கொடுத்துவிட்டார்.

காலையில் பன்னிரண்டு பேர்.

நாலு மணிக்கு மேட்டுப்பள்ளித் தெருப் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் சுளவு, சுளவில் இலையும் தூளும். நாற்பத்து மூன்று பேரும் வருவார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு பேர்தான். மிச்சப் பேருக்கு இன்றைக்குக் கடையில் பீடி போட்டாக வேண்டுமாம். புகையிலை உள்ளே வரக் கூடாது என்று அலுவலர் சொன்னார். சரி என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள். ஜைத்தூனின் மாமியார் கைநாட்டு வைத்தாள். ஜைத்தூன் வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் விட்ட கதை. எங்கே விட்டது என்று மாமியார்தான் எடுத்துக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஐந்து பேரும் கொஞ்ச நேரத்தில் பேப்பரை மடித்துவிட்டு வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

அலுவலர் என்னைப் பார்த்தார். "கேட்டுட்டு இருக்கிறவங்களும் வாசகர்ல சேருவாங்களா மேடம்?"

"ரூல்ஸ் தெரியல சார். புஸ்தகம் திரும்பி வரும்போது கடைசிப் பக்கம் வரைக்கும் புகையிலை இருக்கும்" என்றேன்.

அவர் அலமாரிக்குப் போனார். ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் திறந்தார். தும்மினார். இன்னொன்றை எடுத்தார். திரும்பி வந்து, "சேத்துக்கலாம்" என்றார்.

ஐந்து மணிக்குத் தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். நோட்டீஸ் கட்டை மேஜைமேல் வைத்துப் போன பிறகு இன்றைக்குத்தான் வாசல் ஏறுகிறார். என்னிடம் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸில் எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி உள்ளும் வெளியும் எண்ணினார். காலைக் கணக்கையும் சேர்த்தார்.

"நாப்பத்தொம்போது" என்றார். "என்னையும் சேத்து."

அதற்கு மேல் யாரும் வரவில்லை. ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று. பெண்கள் சுளவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அலுவலர் வராந்தாவில் நின்று யாரிடமோ போன் பேசினார். முதுகு இந்தப் பக்கம். பதிவேடு என் முன்னால் திறந்து கிடந்தது. ஒரு வரி காலி. பேனாவும் இருந்தது. அந்தக் கையெழுத்து என் கைக்குக் கண்ணை மூடிக்கொண்டும் வரும். அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடினேன். அலுவலர் வந்ததும், "நாப்பத்தொம்பது சார்" என்றேன்.

"ஒண்ணு குறையுதே."

"ஆமா சார். குறையுது."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் காலி வரியைப் பார்த்தார். பழைய பக்கங்களை அவரும் பார்த்திருக்கிறார், அந்த இடத்தில் யார் பெயர் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். "நாப்பத்தொம்பதுன்னே எழுதுறேன். இன்னும் மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சிபாரிசு போடுறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம். அதற்குள் என்னை வேலையில் வைத்திருப்பார்களா என்று தெரியாது. சாவி யார் கையில் இருந்தாலும் கதவு திறந்தால் சரி.

வருகை 49. அத்தனை பேரும் வந்தவர்கள்.

ஏழு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு வருடமாக இந்தத் தெருவில் தனியாகத்தான் நடக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சோடாக் கடை தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.